பதுவாவின் கொல்லி மலைகள்

பதுவா என்னும் ஊரின் பெயரை இலங்கைத் தமிழர் பெரும்பாலும் தேவாலயத்திலேயே முதன்முதலாகக் கேட்கின்றனர். கொழும்பு கொச்சிக்கடையில் சமய பேதமின்றி மக்கள் கூடும் அந்தோனியாரும், கச்சதீவின் வருடாந்தத் திருவிழாவுக்கு இரு கரைத் தமிழரையும் படகேற வைக்கும் அந்தோனியாரும் பதுவா நகரத்து அந்தோனியார்தான். அவர் பிறந்தது போர்த்துக்கலின் லிஸ்பனில். எனினும் 1231ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி அவர் உயிர் நீத்தது வட இத்தாலியில், பதுவாவின் புறநகரொன்றில். அவரது கல்லறையைக் கொண்ட பெருங்கோயிலே இன்றும் அந்நகரின் அடையாளம்.

கடந்த ஆண்டு ஒக்டோபரில் அந்தக் கோயிலின் வாசலில் நான் நின்றபோது, என்னை அழைத்துச் சென்ற நண்பர் வெனிஸ் செல்லும் என் திட்டத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். நான் பணியாற்றிய பத்திரிகையில் முன்னொரு காலத்தில் ஒப்புநோக்குநராக இருந்தவர் அவர். நாட்டை விட்டு வெளியேறி வடஇத்தாலியில் குடும்பத்துடன் நிலைத்துப் பல ஆண்டுகளாகின்றன.

"அண்ணை, இங்க வாற எங்கட ஆக்கள் அந்தோனியாரைக் கும்பிட்டிட்டு அடுத்த ரயிலில வெனிசுக்குப் போயிடுவினம். நீங்கள் ஒரு நாள் நில்லுங்கோ. நான் உங்களுக்குக் கொல்லிமலை காட்டுறன்" என்றார்.

அவர் வேடிக்கை பேசுகிறார் என்றே முதலில் நினைத்தேன். வேடிக்கைதான், ஆனால் பொய்யல்ல. இத்தாலிய மொழியில் 'கொல்லே' என்றால் குன்று. அதன் பன்மை 'கொல்லி'. பதுவாவுக்குத் தென்மேற்கே, தட்டையான சமவெளியின் நடுவே திடீரென எழுந்து நிற்கும் குன்றுக் கூட்டத்துக்கு 'கொல்லி எவுகானேயி' என்று பெயர். சங்கப் புலவர் பாடிய கொல்லிமலைக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை; ஒலி ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் அந்நிய மண்ணில் அப்பெயரைக் கேட்கும் தமிழ்ச் செவி ஒரு கணம் நின்றுவிடத்தான் செய்கிறது.

'எவுகானேயி' என்ற பகுதிக்கு வேறொரு வரலாறு உண்டு. ரோமாபுரியின் பெரும் வரலாற்றாசிரியரான லிவி இதே பதுவாவில் பிறந்தவர். கடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் முன்னர் எவுகானேயர் என்போர் வாழ்ந்தனர் என்றும், பின்னர் வந்தேறிய வெனெத்தியர் அவர்களைத் துரத்திவிட்டனர் என்றும் தமது நூலின் தொடக்கத்திலேயே அவர் எழுதியுள்ளார். துரத்தியவர்களின் பெயர் வெனிசாகவும் வெனெத்தோ மாநிலமாகவும் உலகமெங்கும் வழங்குகிறது. துரத்தப்பட்டவர்களின் பெயரோ இந்தக் குன்றுகளில் ஒதுங்கிக் கொண்டது. இம்மலைகள் ஒரு புகலிடம் என்பது அவற்றின் பெயரிலேயே பதிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பதுவாவிலிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணம். சோள வயல்களும் தொழிற்சாலைக் கூரைகளும் மாறி மாறி வரும் சமவெளி முடியுமுன்னரே, கூம்பு கூம்பாகக் குன்றுகள் தெரிகின்றன. குவித்து வைத்த நெற்பொலிகளை நினைவூட்டும் வடிவம். மிக உயர்ந்ததான வெண்டா மலைகூட 601 மீற்றர்தான். ஆனால் சுற்றிலும் ஒரு மேடு கூட இல்லாத நிலத்தில் அந்த உயரம் பெரிதாகவே தெரிகிறது.

எரிமலைகள் என்றதும் வாயில் புகை கக்கும் எட்னாவையும் விசுவியஸையுமே நாம் நினைக்கிறோம். இங்கே அத்தகைய வாய்கள் எவையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ 4 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியாக இருந்தபோது முதற்கட்ட எரிமலைக் குழம்பு கடலின் அடித்தளத்தில் பரவியது. அடுத்த பெருங்கட்டம் ஏறத்தாழ 3 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. இம்முறை மேலெழுந்தது பாகு போன்ற தடித்த குழம்பு. அது பல இடங்களில் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியேறாமல், மேலேயிருந்த சுண்ணக்கற் படுகைகளைத் தூக்கி வளைத்துக்கொண்டு உள்ளேயே உறைந்தது. காலப்போக்கில் மேற்படுகை அரிபட்டுப் போக, உறைந்த பாறை குன்றாக வெளிப்பட்டது. நாம் காணும் கூம்புகளிற் பல இவ்வாறு பிறந்தவை. 'ட்ரகைட்' எனப்படும் சாம்பல்நிறப் பாறையும் 'ரயோலைட்' எனப்படும் வெளிறிய பாறையும் இவற்றின் உடல். இந்த ட்ரகைட்டின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இக்குன்றுகளின் பெருமையும் ஆபத்தும் அந்தக் கல்லினால் வந்தவையே.

முதலில் நாம் நின்ற இடம் அபானோ. குன்றுகளின் கிழக்கு அடிவாரத்திலுள்ள இவ்வூரும் பக்கத்து மொந்தேகுரோத்தோவும் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்றவை. நிலத்தடியிலிருந்து 87 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நீர் வருகிறது. விடுதிக்கு விடுதி வெந்நீர்த் தடாகமும் சேற்று வைத்தியமும் உண்டு. எரிமலை அடியில் இன்னும் கனன்று கொண்டிருப்பதால்தான் நீர் சுடுகிறது என்று நான் எண்ணினேன். அது தவறு. எரிமலை அணைந்து மூன்று கோடி ஆண்டுகளாகின்றன. வடக்கேயுள்ள ஆல்ப்ஸ் அடிவார மலைகளில் பெய்யும் மழைநீர் சுண்ணக்கற் பாறைகளினூடே 2,000 முதல் 3,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி, பூமியின் இயல்பான உள்வெப்பத்தாற் சூடேறி, பல பத்தாண்டுகள் நிலத்துக்கடியில் பயணம் செய்து இங்கே மேலெழுகிறது. இன்று அபானோவில் ஒருவர் குளிக்கும் நீர் அவரது பெற்றோர் காலத்து மழையாக இருக்கலாம். அதற்கும் முந்தியதாகவும் இருக்கலாம். ரோமானியர் இந்த ஊற்றுகளைத் தெய்வமாகக் கருதினர். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமப் பேரரசு மேற்கே வீழ்ந்த பின்னர், இத்தாலியை ஆண்ட கோத்திய மன்னன் தியோடோரிக் பழுதடைந்த இந்நீராடு மண்டபங்களைத் திருத்துமாறு உத்தரவிட்ட கடிதம் இன்றும் எஞ்சியுள்ளது.

அபானோவுக்குத் தெற்கே பத்தாலியா என்ற சிற்றூர். ஊரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டத் தொடங்கி 1201இல் முடிக்கப்பட்ட கால்வாய் அது. பதுவாவுக்கும் மொன்செலிச்சேக்கும் இடையே வெட்டப்பட்ட அந்நீர்வழி, பிற கால்வாய்களினூடாக வெனிஸ் வரை தொடர்ந்தது. அதன் கரையில் ஆற்றுப் படகோட்டத்துக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. குன்றுகளில் வெட்டிய கல் இவ்வழியேதான் தட்டையான பெரும்படகுகளில் வெனிசுக்குச் சென்றது. வெனிசின் தெருக்களில் பாவியிருக்கும் சாம்பல்நிறக் கற்களிற் பெரும்பாலானவை எவுகானேய ட்ரகைட். புகழ்பெற்ற சென் மார்க் சதுக்கத்தின் தளம் 1723ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞர் அந்திரேயா திராலியின் வரைபடப்படி புதிதாக அமைக்கத் தொடங்கப்பட்டபோது, இந்தச் சாம்பற் கல்லும் இஸ்திரியாவின் வெண்கல்லும் சேர்த்தே கோலமிடப்பட்டன. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகள் இக்குன்றுகளின் மீதுதான் நடக்கின்றனர். அது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கல்வெட்டு இங்கே புதிய தொழிலன்று. ரோமானியருக்கு முன்பிருந்தே மக்கள் இந்தக் கல்லை அறிந்திருந்தனர். ரோமானியர் இதனால் வீதி பாவினர்; திரிகைக்கற்கள் செய்தனர். மொன்செலிச்சே என்ற ஊரின் பெயரே கல்மலை எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது என்பர். ஆனால் உளியும் சம்மட்டியும் மாட்டுவண்டியும் கொண்டு மனிதன் எவ்வளவுதான் தோண்டினாலும் மலை அதனைத் தாங்கிக் கொண்டது. ஒரு தலைமுறையின் வெட்டு அடுத்த தலைமுறையின் செடிகொடிகளால் மூடப்பட்டது.

மொன்செலிச்சேயின் கோட்டைக் குன்றைப் பார்த்தபோது அந்த எண்ணம் கலைந்தது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சைப்பிரஸ் மரங்களும் கோட்டையும், வின்சென்சோ ஸ்கமொட்சி 17ஆம் நூற்றாண்டில் அமைத்த சிற்றாலயங்களும் வரிசையாக மேலேறும் அழகான குன்று. மறுபக்கம் சென்று பார்த்தால் கத்தியால் வெட்டிய பாண் போல நேர்க்குத்தாகப் பாறைச் சுவர். குன்றின் பாதி இல்லை. நண்பர் காரை ஓரமாக நிறுத்தி, எதுவும் சொல்லாமல் நின்றார். அக்காயத்தின் கதைக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன்னர், இம்மலைகளை நாடி வந்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மொன்செலிச்சேக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் ஆர்க்குவா பெற்றார்க்கா. குன்றின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கல்வீடுகளாலான சிறு கிராமம். பழைய பெயர் ஆர்க்குவா மட்டுமே. இத்தாலியக் கவிஞர் பிரான்செஸ்கோ பெற்றார்க்காவின் நினைவாக 1868இல் அவரது பெயரும் சேர்க்கப்பட்டது. பெற்றார்க்கா பிறப்பிலேயே அகதி. அவரது தந்தையார் அரசியற் பகையினால் புளோரன்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட பின்னர், 1304ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி அரெட்சோவில் அவர் பிறந்தார். பிரான்சின் அவிஞ்ஞோனில் வளர்ந்து, மன்னர்களின் சபைகளிலும் பாப்பரசரின் சபையிலும் உலாவி, ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்ற அவர் நிரந்தரமான ஓர் ஊரில்லாதவராகவே முதுமையடைந்தார். பதுவாவின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ த கராரா அளித்த நிலத்தில் ஒரு வீட்டைத் திருத்தி, 1370 அளவில் மகளுடனும் மருமகனுடனும் பேர்த்தியுடனும் இங்கே குடியேறினார். 1336இல் பிரான்சின் வென்தூ மலையுச்சிக்கு ஏறியதைக் கடிதமாக எழுதி, ஐரோப்பிய இலக்கியத்தில் மலையேற்றத்துக்கே ஓரிடம் பெற்றுத் தந்தவர், கடைசியில் ஒரு சிறு குன்றின் சரிவில் இடம் தேடிக்கொண்டார். 1374ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி இரவு, எழுபதாவது பிறந்தநாளுக்கு மிக அண்மையில், அந்த வீட்டிலேயே இறந்தார்.

வீடு இன்று அருங்காட்சியகம். அவர் படித்த சிற்றறையின் யன்னலால் பார்த்தால் ஒலிவ் மரங்களும் திராட்சைக் கொடிகளும் தெரிகின்றன. ஊர்க் கோயிலின் முன்னால் செம்மாபிளில் செதுக்கிய கல்லறை, நான்கு தூண்கள் தாங்க நிற்கிறது. மருமகன் அமைத்தது. இறந்த பின்னரும் கவிஞர் முழு நிம்மதியடையவில்லை. 1630இல் கல்லறையின் மூலையை உடைத்து அவரது வலக்கையெலும்புகள் திருடப்பட்டன. 2003இல் ஆய்வுக்காகக் கல்லறை திறக்கப்பட்டபோது வேறொரு செய்தி வெளியானது. உள்ளேயிருந்த மண்டையோடும் விலா எலும்பும் இரு வேறு மனிதர்களுடையவை என்று மரபணுச் சோதனை காட்டியது. கவிஞரின் தலை எங்கே போனதென்பது யாருக்கும் தெரியாது.

கிராமத்தின் முற்றங்களில் சிவந்த சிறு பழங்களோடு நின்ற மரங்களை எங்கோ பார்த்த ஞாபகம். நண்பர் ஒன்றைப் பறித்துத் தந்தார். கடித்தவுடன் விளங்கியது: இலந்தை! நம்மூர் இலந்தையின் நெருங்கிய உறவினம். ஒக்டோபரின் முதலிரு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்க்குவாவில் இப்பழத்துக்கென்றே திருவிழா எடுக்கின்றனர். பள்ளிக்கூடத்து வாசலில் ஆச்சிமார் கடகத்தில் வைத்து விற்ற இலந்தைப்பழத்தை இங்கே அழகான போத்தல்களில் மதுவாகவும் பாகாகவும் விற்கிறார்கள்.

பெற்றார்க்காவுக்குப் பின் நான்கு நூற்றாண்டுகள் கழித்து மற்றொரு புகலிடக் கதை. 1797 ஒக்டோபரில் நெப்போலியன் கம்போ போர்மியோ உடன்படிக்கையின் மூலம் ஆயிரமாண்டு பழைமையான வெனிஸ் குடியரசை ஆஸ்திரியாவுக்குத் தாரை வார்த்தான். அந்த நாட்களில் எவுகானேயக் குன்றுகளுக்குத் தப்பியோடும் ஓர் இளைஞனின் கடிதங்களாக ஊகோ பொஸ்கொலோ ஒரு நாவல் எழுதினார். 'யாகொப்போ ஓர்த்திசின் இறுதிக் கடிதங்கள்' எனும் அந்நூல் 1802இல் வெளிவந்து இத்தாலியத் தேசிய உணர்வின் தொடக்க நூல்களில் ஒன்றாயிற்று. தாய்நாடு கைவிட்டுப் போன ஒருவன் போய் நிற்பதற்கு அந்த எழுத்தாளர் தெரிவு செய்த இடம் இது. 1818இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, இக்குன்றுகளின் தென்முனையிலுள்ள எஸ்தேயில் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தங்கினார். அவ்வாண்டு செப்டெம்பர் 24ஆம் திகதி அவரது ஒரு வயதுக் குழந்தை கிளாரா வெனிசில் இறந்தது. அந்தத் துயரின் பின்னணியிலேயே இக்குன்றுகளைப் பற்றிய அவரது நெடுங்கவிதை பிறந்தது.

ஆனால் மலை எல்லோருக்கும் புகலிடமாக இருந்ததில்லை. பத்திரிகைக்காரன் அதையும் சொல்ல வேண்டும். மேற்குச் சரிவின் அடியில் வோ என்ற ஊர் உள்ளது. பழைய வோவில் வெனிஸ் பிரபுக்கள் கட்டிய மாளிகையொன்று நிற்கிறது. 1943 டிசெம்பர் 3ஆம் திகதி முதல் 1944 ஜூலை 17ஆம் திகதி வரை அது யூதர்களை அடைத்து வைத்த தடுப்பு முகாமாக இருந்தது. காவல் நின்றவர்கள் இத்தாலியப் பொலிஸார். முடிவில் ஜேர்மனியரிடம் கையளிக்கப்பட்ட 47 பேர் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் மூன்று பெண்கள் மட்டுமே. சுற்றிலும் திராட்சைத் தோட்டம், பின்னால் பச்சைக் குன்று. அழகு எவரையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இதே வோ 2020இல் மீண்டும் உலகச் செய்தியாயிற்று. இத்தாலியின் முதலாவது கொவிட் மரணம் அவ்வாண்டு பெப்ரவரி 21ஆம் திகதி இவ்வூரவர் ஒருவருடையது. ஊர் மூடப்பட்டது, ஏறத்தாழ 3,300 பேரைக் கொண்ட ஊரில் பெரும்பாலானோருக்கும் பரிசோதனை நடந்தது. தொற்றியவர்களில் 40 வீதத்துக்கும் மேற்பட்டோர் எந்த நோய்க்குறியும் இல்லாதிருந்தனர் என்ற முக்கியமான உண்மை அவ்வாறே வெளிப்பட்டது.

இனி மொன்செலிச்சேயின் காயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இத்தாலி வேகமாக எழுந்தது. 1950களின் பிற்பகுதியும் 1960களும் அந்நாட்டின் பொருளாதார அற்புதக் காலம். நெடுஞ்சாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மாடிவீடுகளுக்கும் கல்லும் சரளையும் சீமெந்தும் மலைமலையாகத் தேவைப்பட்டன. சமவெளியின் நடுவே, வீதிகளுக்கு அருகே, கல்லால் ஆன குன்றுகள் தயாராக நின்றன. வெடிமருந்தும் இயந்திரமும் வந்தன. முன்னர் வெனிசின் தளத்துக்கு ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுத்த கல், இப்போது உடைத்து நொறுக்கி லொறி லொறியாகக் கொட்டும் சரளையாயிற்று. சுண்ணக்கல் சீமெந்துச் சூளைக்குப் போயிற்று. டசின் கணக்கான கல்லுடைக்கும் இடங்களில் நாள்தோறும் வெடி அதிர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டு உளி செய்யாததை இருபது ஆண்டு வெடிமருந்து செய்தது. சரிவுகள் திறந்த புண்களாயின. சில குன்றுகளின் வடிவமே மாறிற்று.

எதிர்த்தவர்கள் தொடக்கத்தில் சிலரே. அவர்கள் குழு அமைத்தார்கள், எழுதினார்கள், கூட்டம் கூட்டினார்கள். அவர்களுக்கு எதிரே நின்றது முதலாளிகளின் பணம் மட்டுமல்ல. கல்லுடைத்துப் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்களும் நின்றன. வெனெத்தோ அக்காலத்தில் வறிய பிரதேசம். வேலை தேடி வெளிநாடு சென்றோர் நிறைந்த பிரதேசம். வீட்டுக்கருகே கிடைத்த வேலையை மலையின் அழகுக்காக விட்டுவிடு என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வது எளிதன்று. இது நல்லவருக்கும் தீயவருக்கும் இடையிலான சண்டை என்று எழுதினால் நான் பொய் எழுதியவனாவேன்.

கடைசியில் பாராளுமன்றம் முடிவெடுத்தது. ஆளுங்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த யுசெப்பே ரொமனாத்தோ, கார்லோ பிரகன்சானி என்ற இரு உறுப்பினர்களின் பெயரால் அறியப்படும் சட்டம் 1971ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி பிறந்தது. அதன் இலக்கம் 1097. எவுகானேயக் குன்றுகளில் புதிய கல்லகழ்விடங்கள் திறப்பதைத் தடுத்து, சரளைக்காக மலையை நொறுக்கும் தொழிலை நிறுத்திய சட்டம் அது. ஒரு நாட்டின் பாராளுமன்றம் ஒரேயொரு குன்றுக் கூட்டத்துக்காகத் தனிச்சட்டம் இயற்றுவது அபூர்வம். அதற்கு ஆதாரமாக அவர்களிடம் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை, நிலக்காட்சியைப் பாதுகாப்பது குடியரசின் கடமை என்கிறது. போரில் நொறுங்கிப்போன ஒரு தேசம், பசியோடு இருந்த வேளையில், தன் நிலத்தின் தோற்றத்தையும் பாதுகாக்க வேண்டிய செல்வமாக எழுதி வைத்தது. 2022இல் சுற்றாடலும் உயிர்ப் பல்வகைமையும் வருங்காலத் தலைமுறைகளின் நலனும் அதே உறுப்புரையில் சேர்க்கப்பட்டன.

சட்டம் வந்து 18 ஆண்டுகளுக்குப் பின்னர், 1989 ஒக்டோபரில், வெனெத்தோ மாநில அரசு இக்குன்றுகளைப் பிராந்தியப் பூங்காவாக அறிவித்தது. 15 உள்ளூராட்சிப் பிரிவுகளில் பரந்த 18,694 ஹெக்டேயர் நிலம். பூங்கா என்றதும் வேலியிட்ட காடு என்று எண்ண வேண்டாம். உள்ளே ஊர்கள் உண்டு, பாடசாலைகள் உண்டு, திராட்சையும் ஒலிவும் விளைகின்றன, பிறாலியா மடத்தில் பெனடிக்ற் சபைத் துறவிகள் வாழ்கின்றனர். வடக்குச் சரிவில் குளிர்நிலக் கஷ்கொட்டைக் காடு. அதே குன்றின் தெற்குச் சரிவில் நாகதாளி. இரண்டுக்கும் இடையே சில நூறு மீற்றர் தூரமே. அலங்காரக் கல்லுக்காக ட்ரகைட் வெட்டும் ஒரு சில இடங்கள் கட்டுப்பாடுகளுடன் இன்னமும் இயங்குகின்றன. வெனிசின் தளத்தில் உடைந்த கல்லை மாற்ற வேறெங்கே போவது?

பிரச்சினைகள் தீர்ந்துவிட்டன என்றும் சொல்வதற்கில்லை. காட்டுப்பன்றிகள் பெருகித் தோட்டங்களைக் கிளறுகின்றன. அதைக் காரணங்காட்டி, பூங்காவின் எல்லையைச் சுருக்கும் யோசனை 2016 இறுதியில் மாநில சபையில் எழுந்தபோது மக்கள் வீதிக்கு இறங்கினர். 2024 ஜூலையில் யுனெஸ்கோ இக்குன்றுகளை உயிர்க்கோள ஒதுக்கிடங்களின் பட்டியலில் சேர்த்தது.

வோவுக்கு மேலேயுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தில் நாங்கள் பிற்பகலைக் கழித்தோம். தோட்டத்துக்குப் பின்னால் பழைய அகழ்விடத்தின் சுவர். அதன் வெடிப்புகளில் மரங்கள் வேர்விட்டிருந்தன. தோட்டக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். நண்பர் மொழிபெயர்க்க, அவரது தந்தையார் அந்தச் சுவரில் வேலை செய்தவர் என்று அறிந்தேன். சட்டம் வந்தபோது தந்தையாருக்கு வேலை போயிற்று. சமவெளியில் ஒரு தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய்வந்தார். சாகும்வரை அந்தச் சட்டத்தை அவர் மன்னிக்கவில்லையாம்.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

முதியவர் தோட்டத்தைக் காட்டினார். இந்தக் குன்று இருப்பதனால்தான் ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள். வருபவர்கள்தான் தன் வைனை வாங்குகிறார்கள் என்றார். தந்தையார் சொன்னதும் சரி, தான் சொல்வதும் சரி என்பது போலத் தோளைக் குலுக்கிவிட்டு, எங்கள் கிண்ணங்களை மீண்டும் நிரப்பினார்.

திரும்பும் வழியில் நான் அதிகம் பேசவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் இருந்த காலத்தில் மணல் அள்ளப்பட்ட ஆறுகளையும் தோண்டப்பட்ட மேடுகளையும் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால், அவற்றில் அநேகமானவை அள்ளி முடிந்த பின்னர் எழுதப்பட்டவை. இழப்பு நிகழ்ந்தால்தான் அது செய்தி என்று நாங்கள் பழகியிருந்தோம். நிற்கும் மலை செய்தியாவதில்லை. 1960களில் இங்கே எழுதியவர்களும் பேசியவர்களும், பாதி மலை இன்னும் நின்றுகொண்டிருந்தபோதே அதைச் செய்தியாக்கினார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

வெட்டிய மரம் துளிர்க்கும். எரிந்த நூலகத்தைக்கூட ஓரளவு மீளக் கட்டலாம் என்பது நாம் அறிந்தது. மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த கல்லை ஒருமுறை நொறுக்கினால் மீண்டும் அது முளைப்பதில்லை. துரத்தப்பட்ட எவுகானேயருக்கும் ஊரற்ற பெற்றார்க்காவுக்கும் பிள்ளையை இழந்த ஷெல்லிக்கும் இடம் கொடுத்த மலைக்கே ஒரு நாள் அடைக்கலம் தேவைப்பட்டது. அதை ஒரு சிறு சட்டம் கொடுத்தது. கொஞ்சம் தாமதமாக, ஆனால் முற்றாகத் தாமதமாகிவிடாமல்.

மொன்செலிச்சேயைக் கடக்கும்போது மாலை வெயில் அந்த வெட்டுச் சுவரில் விழுந்திருந்தது. பாதிக் குன்று செம்மஞ்சளாக ஒளிர்ந்தது.

"வெனிசுக்கு நாளைக்குப் போவமே, அண்ணை?" என்று நண்பர் கேட்டார்.

போவோம் என்றேன். மீதிப் பாதியை அங்கே காலடியில் பார்க்கலாம்.